அக்ரிலிக் பெயிண்டை ஏர்பிரஷுக்கு எவ்வளவு நீர்க்கக் கலக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். சென்னையில், 48-இல் ஒரு பங்கு அளவில், ஸ்பிட்ஃபயர் மார்க் 9 என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை ஒட்டி முடித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். மேல்பக்கத்துக்கு டமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-81 கரும்பச்சையும் எக்ஸ்எஃப்-82 ஓஷன் கிரேயும் கிடைத்துவிட்டன. கீழ்ப்பக்கத்துக்கான எக்ஸ்எஃப்-83 சாம்பல் கடையில் இல்லை என்பதால் வலேஜோ கம்பெனியின் மாடல் கலர் வரிசையில் அதற்குப் பொருத்தமான ஒரு சாம்பலை வாங்கினீர்கள். எல்லாமே அக்ரிலிக்தானே என்று எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி கலந்து, 0.3 மி.மீ. துளை உள்ள ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவி) 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று அடித்திருக்கிறீர்கள். வலேஜோ ஏர்பிரஷின் கப்பிலேயே திரிந்து, பெயிண்ட் வெளியே வரும் நாசிலை அடைத்துவிட்டது. டமியா அடைக்கவில்லை, ஆனால் இறக்கை முழுக்கச் சொரசொரவென்று ஆகிவிட்டது. ‘எந்த அக்ரிலிக்குக்கும் பொருந்துகிற விகிதம் எது?’ என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: கலந்த பெயிண்ட் சரியாக இருக்கிறதா என்று மாடல் மேல் படுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

நான் பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவன். வீட்டில் விமான மாடல்களும் டாங்கிகளும் செய்வது அதைவிடப் பழைய பழக்கம். அந்த இரண்டையும் வைத்து முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா அக்ரிலிக்குக்கும் பொருந்துகிற விகிதம் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு நிறங்களுக்குக்கூட ஒரே விகிதம் சரிவராது. யூடியூபில் யாராவது அடித்துச் சொன்னால், அது அவர் அறையில், அவர் ஏர்பிரஷில், அன்றைக்கு எடுத்த பாட்டிலுக்குச் சரியாக இருந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் ரசாயனத்தில் இருக்கிறது. அக்ரிலிக் என்பது பெயிண்டில் உள்ள பிசினின் பெயர். அந்தப் பிசின் எதில், எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். வலேஜோ மாடல் கலர், மாடல் ஏர் போன்றவற்றில் பிசின் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அது கரைசல் இல்லை, எமல்ஷன். தண்ணீர் போகப்போகத் துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாகின்றன. அப்படிச் சேர்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரில் கரையாது. டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசையும் ஜிஎஸ்ஐ கிரியோஸின் அக்வஸ் வரிசையும் வேறு குடும்பம். மூடியைத் திறந்தால் ஆல்கஹால் வாசனை வரும். அவற்றில் ஆல்கஹாலும் கிளைகால் ஈதர் வகைக் கரைப்பான்களும் இருக்கின்றன. தண்ணீரும் சேரும், ஆல்கஹாலும் சேரும், கடுமையான கரைப்பானான லாக்கர் தின்னர்கூடச் சேரும். காய்ந்த பிறகும் ஆல்கஹால் பட்டால் இளகும். மூன்றாவதாக மிஸ்டர் கலர் போன்ற லாக்கர்கள். அவற்றிலும் பிசின் அக்ரிலிக்தான், ஆனால் லாக்கர் தின்னர் தவிர வேறு எதையும் ஏற்காது.

உங்கள் வலேஜோவுக்கு நடந்தது இப்போது புரிந்திருக்கும். எமல்ஷனில் துளிகள் ஒட்டாமல் தனித்தனியாக மிதப்பதற்கும், பெயிண்ட் கெட்டியாக நிற்பதற்கும் சில சேர்மானங்கள் போட்டிருப்பார்கள். ஆல்கஹாலை மொத்தமாக ஊற்றியதும் அந்த ஏற்பாடு குலைகிறது. துளிகள் கட்டிக்கொண்டு ரப்பர் இழைகளாகத் திரள்கின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு தின்னர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தக் கலவையைக் கொட்டிவிட வேண்டியதுதான். கை சரியில்லை, ஏர்பிரஷ் மட்டம் என்றெல்லாம் நினைத்து வருந்த வேண்டாம். பெயிண்டுக்கும் தின்னருக்கும் பொருத்தமில்லை, அவ்வளவுதான்.

மருந்துக் கடை ஆல்கஹால் பற்றி ஒரு வார்த்தை. டமியாவுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒத்துப்போகும். 99 சதவீதம் என்று போட்ட பாட்டில் நல்லது. 70 சதவீதமும் வேலை செய்யும், மீதி 30 தண்ணீர் என்பதால் காய்வது கொஞ்சம் தாமதமாகும். ஆனால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கொடுப்பதை லேபிள் படிக்காமல் வாங்காதீர்கள். அதில் விளக்கெண்ணெய், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் சேர்த்த வகைகள் உண்டு. எண்ணெய் கலந்தது பெயிண்டுக்குள் போனால் படலம் ஒட்டாது. கை சானிடைசரும் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். தொழிற்சாலையில் பெயிண்டின் இளக்கத்தை ஃபோர்டு கப் என்ற பாத்திரத்தில் அளப்போம். அடியில் துளை உள்ள சிறு கிண்ணம் அது. நிறைய ஊற்றி, துளையைத் திறந்து, தாரை அறுந்து விழும்வரை எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்போம். அது நிறைய 100 மில்லி வேண்டும். உங்கள் கையில் இருக்கும் டமியா குப்பி 10 மில்லி. ஆகவே அந்த வழி நமக்கு இல்லை. அதோடு தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கெட்டிப்படுத்தும் சேர்மானம் உள்ள பெயிண்ட் சும்மா இருக்கும்போது கெட்டியாகத் தெரியும், கலக்கினாலோ நாசில் வழியாகத் தள்ளினாலோ இளகிவிடும். அதனால் கப்பில் பார்க்கும்போது தெரிகிற தடிமனை வைத்து நாசிலில் எப்படிப் போகும் என்று முடிவு கட்ட முடியாது.

‘பால் பதத்துக்குக் கலக்கு’ என்று எல்லோரும் சொல்லும் அறிவுரையின் குறையும் இதுதான். தவறான அறிவுரை இல்லை, ஆனால் பாதி அறிவுரை. காய்ச்சிய பாலா, தண்ணீர் ஊற்றிய பாலா என்று ஆளுக்கு ஒன்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பதத்தைப் பார்ப்பது கப்பின் சுவரில். கலந்த பெயிண்டைக் குச்சியால் கப்பின் உள்சுவரில் மேலே ஏற்றி விடுங்கள். அது சுவரிலேயே தடித்து நின்றால் கெட்டி. சட்டென்று இறங்கி, சுவரில் நிறமே இல்லாமல், விளிம்பில் மட்டும் நிறம் தங்கினால் தண்ணி. நிதானமாக இறங்கி, பின்னால் மெல்லிய, சீரான, பின்புறம் தெரியும் அளவு நிறப்படலம் ஒன்றை விட்டுப் போனால் அடித்துப் பார்க்கத் தயார். ‘அடித்துப் பார்க்க’ என்றுதான் சொல்கிறேன், மாடல் மேல் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இந்தச் சுவர்ச் சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, பாட்டிலைச் சரியாகக் கலக்குவது. மேட் பெயிண்டுகளில் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் போய்ப் படிந்துவிடும். வெறுமனே குலுக்கினால் அது எழும்பாது. டமியா குப்பியில் தட்டையான குச்சியை விட்டு அடியைச் சுரண்டி, குச்சி நுனியில் கட்டி வருவது நிற்கும்வரை கலக்குங்கள். வலேஜோ போல மூக்கு வைத்த பாட்டில் என்றால் உள்ளே துருப்பிடிக்காத எஃகு மணி ஒன்றைப் போட்டுக் குலுக்குவது நல்ல பழக்கம். சாதாரண இரும்பு மணி வேண்டாம், துருப்பிடித்து நிறத்தையே கெடுக்கும். அடியில் படிந்தது கலக்காமல் மேலே இருப்பதை மட்டும் எடுத்து நீங்கள் பிடிக்கிற விகிதம் எதற்கும் உதவாது. அடுத்த முறை அதே விகிதம் வேறு பெயிண்டாக இருக்கும்.

இரண்டாவது, பொருத்தச் சோதனை. புதிதாக ஒரு பெயிண்டோ தின்னரோ வாங்கினால் இதைச் செய்யாமல் ஏர்பிரஷில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பீங்கான் தட்டில் இரண்டு சொட்டுப் பெயிண்ட், பக்கத்தில் இரண்டு சொட்டுத் தின்னர். பல்குத்தும் குச்சியால் சேர்த்துக் கலக்குங்கள். உடனே பாருங்கள், பிறகு பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குச்சியைத் தூக்கும்போது இழை இழுத்தால், தட்டைச் சாய்க்கும்போது மணல்போல் புள்ளிகள் தெரிந்தால், நிறம் ஒரு பக்கமும் தெளிநீர் ஒரு பக்கமும் பிரிந்தால் அந்த ஜோடி சேராது. சில கலவைகள் கலந்த உடனே நன்றாக இருக்கும், சில நிமிடம் கழித்துத்தான் திரியும். நடுவில் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். உங்களிடம் உள்ள ஆல்கஹாலையும் வலேஜோவையும் இப்படிச் சேர்த்து ஒருமுறை பாருங்கள். ஏர்பிரஷுக்குள் நடந்தது தட்டில் தெளிவாகத் தெரியும்.

விகிதம் அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பலர் சொட்டுக் கணக்கில் கலக்குகிறார்கள். எல்லாச் சொட்டும் ஒரே அளவு இல்லை. ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை தண்ணீரை ஒப்பிட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் அதன் சொட்டு சிறியதாகவே விழும். வலேஜோ பாட்டில் மூக்கில் விழும் சொட்டும் பிப்பெட்டில் விழும் சொட்டும் வேறு வேறு. பத்துக்குப் பத்து சொட்டு என்று எண்ணிப் போட்டாலும் அது பாதிக்குப் பாதி ஆகாது. மருந்துக் கடையில் 2 மில்லி சிரிஞ்ச் இரண்டு வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு, ஒன்றைப் பெயிண்டுக்கும் ஒன்றைத் தின்னருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கோடு பொய் சொல்லாது.

இப்போது அடித்துப் பார்க்கும் சோதனை. இதைக் காகிதத்தில் செய்யாதீர்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடும், தண்ணியாக இருக்கும் பெயிண்டும் அதில் நன்றாகத் தெரியும். உங்கள் மாடல் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், சோதனையும் அதே பிளாஸ்டிக்கில் நடக்க வேண்டும். முன்பெல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்போம். இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்பூன்களுக்குத் தடை என்பதால் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. கவலையில்லை, பழைய சிடி டப்பாவின் மூடி பாலிஸ்டைரீன்தான். தட்டையாக, பெரிதாக, வசதியாக இருக்கும். கிட்டில் மிஞ்சும் பாகங்கள் அதைவிட நல்லது. ஸ்பிட்ஃபயர் கிட்டில் நீங்கள் மாட்டப்போகாத எரிபொருள் தொட்டியோ வெடிகுண்டோ மிஞ்சியிருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த பரப்பில் பெயிண்ட் எப்படி நிற்கிறது என்று அதில்தான் தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, மாடலுக்குப் போட்ட அதே பிரைமரை இதற்கும் போடுங்கள்.

மூன்று விஷயம் அடித்துப் பாருங்கள்: ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு கட்டம். புள்ளியை ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, டிரிகரை மெல்ல இழுத்து வையுங்கள். ஓரம் சீராக மங்கினால் நல்லது. நடுவிலிருந்து பெயிண்ட் கால் கால்களாகப் பிரிந்து ஓடினால், சிலந்திக் கால் என்போமே, அது தண்ணியாக இருக்கிறது, அல்லது அந்தத் தண்ணிக்குக் காற்று அதிகம், அல்லது மிக அருகில் பிடித்திருக்கிறீர்கள். கோடு போடும்போது சீராக வராமல் துப்பித் துப்பி வந்தால் கெட்டி, அல்லது நாசிலுக்குள் இருக்கும் ஊசியான நீடிலின் நுனியில் பெயிண்ட் காய்ந்து நிற்கிறது. கட்டத்தை நிரப்பும்போதுதான் மேற்பரப்பு தெரியும். அடித்த கணத்தில், அதாவது ஒரு வினாடி அளவுக்கு, விளக்கொளியில் அந்த இடம் ஈரமாக மின்ன வேண்டும், அப்புறம் மேட்டாக அடங்க வேண்டும். மின்னவே இல்லை என்றால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து பொடியாக வந்து உட்காருகிறது. அந்த மினுமினுப்பு அடங்காமல் பெயிண்ட் திரண்டு நகர்ந்தால் தண்ணி, அல்லது ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். பெயிண்டின் பதம், காற்றழுத்தம், தூரம் என்ற மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் விகிதத்தையும் அழுத்தத்தையும் எழுதி வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் எழுதாத சோதனையை நடந்த சோதனையாகவே எண்ண மாட்டோம். அந்தச் சிடி மூடிகளைச் சேர்த்து வைத்தால், அதுவே உங்கள் ஏர்பிரஷுக்கும் உங்கள் வீட்டுக்குமான கணக்குப் புத்தகம். எந்த வீடியோவும் அதற்கு ஈடாகாது.

உங்கள் டமியா சொரசொரத்தது இந்த வரிசையில் எங்கே வருகிறது? நான் உங்கள் அறையில் நின்று பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். பொருத்தத்தில் குறையில்லை. 30 பிஎஸ்ஐ அதிகம், ஒரு சாண் தூரமும் அதிகம், ஆல்கஹாலோ சீக்கிரம் பறக்கிற தின்னர். மூன்றும் சேர்ந்து, பெயிண்ட் இறக்கையைத் தொடும் முன்பே பாதி காய்ந்திருக்கும். அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்குக் கொண்டுவாருங்கள், சுமார் ஒரு பார். அதையும் டிரிகரை அழுத்திக் காற்று போய்க்கொண்டிருக்கும்போது மீட்டரைப் பார்த்து வையுங்கள். சும்மா இருக்கும்போது காட்டும் அளவு, அடிக்கும்போது இறங்கிவிடும். தூரத்தை ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டருக்குள் வையுங்கள். ஆல்கஹாலுக்குப் பதில் டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரைப் போட்டுப் பாருங்கள், காய்வது நிதானப்படும். இந்த மூன்றில் ஒன்றொன்றாக மாற்றி அடித்தால் எது முக்கியக் குற்றவாளி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தூரமும் அழுத்தமும்தான் என்பது என் ஊகம்.

தொடங்குவதற்கு எண் வேண்டும் என்றால் தருகிறேன், ஆனால் தொடங்குவதற்கு மட்டும். டமியாவில் சமபங்கில் ஆரம்பித்து, பெரும்பாலும் பெயிண்ட் இரண்டு பங்கு, தின்னர் மூன்று பங்கு என்ற இடத்துக்கு வந்து சேர்வேன். மெல்லிய கோடு போட ஒன்றுக்கு இரண்டு வரை போய், அழுத்தத்தை 10, 12 பிஎஸ்ஐக்குக் குறைப்பேன். வலேஜோ மாடல் கலர் தூரிகைக்கென்று செய்தது, அதை அவர்களுடைய ஏர்பிரஷ் தின்னரிலேயே சமபங்கில் தொடங்கி, சுவர்ச் சோதனை பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். மாடல் ஏர் ஏற்கெனவே நீர்த்தது. பத்து முதல் முப்பது சதவீதம் தின்னர் சேர்த்தால் இன்னும் சீராகப் போகும். வெள்ளை, மஞ்சள் போன்ற நிறங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளையில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமான பொடி, சீக்கிரம் படியும், நாசிலில் தொந்தரவு தரும். அவற்றை அடிக்கடி கலக்கி, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்க வேண்டும். ஓவியக் கடையில் ட்யூபில் விற்கும் அக்ரிலிக்கை 0.3 நாசிலில் முயற்சிக்க வேண்டாம், அது கெட்டியாக நிற்கவே செய்யப்பட்டது.

தண்ணீரில் கலந்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். வலேஜோவில் தண்ணீர் சேரும். ஆனால் தண்ணீர் பிளாஸ்டிக் மேல் பரவாமல் உருண்டு நிற்கும், அந்தக் குணம் பெயிண்டுக்கும் வந்துவிடும். அளவு மிஞ்சினால் பிசின் போதாமல் போய், காய்ந்த பிறகு தொட்டால் பொடியாக வரும். மேட் பெயிண்டில் பொடி அதிகம், பிசின் குறைவு என்பதால் இது சீக்கிரமே நடக்கும். கம்பெனித் தின்னரில் பரவவும் படலமாகவும் உதவுகிற சேர்மானங்கள் இருக்கும், அந்த விலைக்கு அது மதிப்புள்ளதுதான். தண்ணீர்தான் ஊற்றுவேன் என்றால் குழாய்த் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுங்கள். உப்புத் தண்ணீரால் ஒவ்வொரு முறையும் கெடுதல் வரும் என்று சொல்ல மாட்டேன். சோதனையில் தெரியாத ஒரு காரணத்தை முன்கூட்டியே நீக்கிவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்னையில் அடிக்கிறீர்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. வெயில் காலத்தில் நீடில் நுனியில் பெயிண்ட் காய்வது வெகு வேகமாக நடக்கும். வலேஜோ காய்ந்தால் தண்ணீரில் கரையாது என்று சொன்னேனே, நுனியில் ஒரு பருக்கை உட்கார்ந்தால் அதன் மேல் அடுத்தது ஏறும். தின்னரில் நனைத்த பட்ஸோ மெல்லிய தூரிகையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கும் நடுவில் நுனியைத் துடைத்துக்கொண்டே இருங்கள். காய்வதைத் தாமதப்படுத்த ரிட்டார்டர், பரவ வைக்க ஃப்ளோ இம்ப்ரூவர் என்று இரண்டு உண்டு. இரண்டும் ஒன்று இல்லை. ரிட்டார்டரைத் தாராளமாக ஊற்றினால் பெயிண்ட் நாள்கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும், ஒரு கப்புக்கு ஓரிரு சொட்டோடு நிறுத்துங்கள். அப்புறம் கம்ப்ரஸர். ஈரக்காற்றை அழுத்தும்போது சூடாகும், ஹோஸில் வரும்போது ஆறும், ஆறும்போது தண்ணீர் துளிக்கும். அந்தத் துளி பெயிண்டோடு சேர்ந்து வந்து இறக்கையில் விழும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம். மழைநாளில் ஆல்கஹால், லாக்கர் தின்னர் கலந்த பெயிண்ட் அடித்தால் வெள்ளைப் புகை படிந்ததுபோல் மங்கலாம். தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. அன்றைக்கு அடிக்காமல் விடுவதுதான் நல்ல வழி.

டமியாவை லாக்கர் தின்னரில் கலப்பது பற்றி மாடல் செய்பவர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் கலந்தால் டமியா வழவழவென்று படியும், ஒட்டும் பிடிப்பும் கூடும், நானும் அப்படித்தான் அதிகம் அடிக்கிறேன். அதில் ரிட்டார்டர் சேர்ந்தே இருப்பதால் நம் ஊர் வெயிலுக்கும் தோது. ஆனால் அது கடுமையான கரைப்பான். ஈரமாக அடித்தால் பிளாஸ்டிக்கையும் காக்பிட் மேலுள்ள கண்ணாடி பாகத்தையும் கடிக்கும், அடியில் உள்ள பூச்சையும் இளக்கும். மூச்சுக்கும் கெடுதல் அதிகம். மூடிய அறை என்றால் எக்ஸ்-20ஏ-யோடு நில்லுங்கள்.

காய்ந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. மறுநாள் சிடி மூடியில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நகத்தால் தேய்த்து, இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் மாடலிலும் வரும். வலேஜோவுக்குப் பிரைமர் இல்லாமல் இந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம். உங்கள் ஸ்பிட்ஃபயரில் கீழ்ச்சாம்பலை மூடித்தான் மேலே அடிக்கப் போகிறீர்கள் என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை. நிறத்தையும் அப்போதுதான் பாருங்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பிசின் வெண்மையாக இருப்பதால் நிறம் வெளுத்துத் தெரியும், காய்ந்ததும் கருக்கும். பிரிட்டிஷ் விமானப்படை 1941 ஆகஸ்டில் மண்பழுப்பை விட்டுவிட்டு ஓஷன் கிரேயைக் கொண்டுவந்த பிறகு, பச்சைக்கும் அதற்கும் உள்ள கருமை வித்தியாசம் குறைவுதான். ஈரத்தில் பார்த்து ‘இரண்டும் ஒன்றாக இருக்கிறதே’ என்று ஒன்றில் வெள்ளை கலந்துவிடாதீர்கள். இரண்டையும் மூடியில் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, காய்ந்து, மேலே அடிக்கப்போகும் வார்னிஷையும் போட்டபின் முடிவு செய்யுங்கள். பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோட்டின் மங்கலையும் அங்கேயே அளந்துவிடலாம். உங்கள் கோட்டின் ஓரம் 3 மி.மீ. மங்கினால், நிஜ விமானத்தில் அது 144 மி.மீ. மங்கல், பார்க்க நம்பும்படி இருக்காது. ஒரு மி.மீட்டருக்குள் கொண்டுவர முடிகிற பதமும் அழுத்தமும் வந்தபிறகு இறக்கைக்குப் போங்கள்.

பாதுகாப்பில் இரண்டைச் சொல்லாமல் விடக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே, ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், நம் ஊரில் எந்த நாளும் அதற்கு மேல்தான். அடுப்பு, பூஜை விளக்கு, பொறி பறக்கும் பழைய ஃபேன் மோட்டார் எதுவும் பக்கத்தில் கூடாது. என்95 மாஸ்க் பெயிண்ட் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆல்கஹால், லாக்கர் என்றால் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் வெளியே காற்றை இழுக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இனி உங்கள் மேஜையில் இருப்பதைப் பார்ப்போம். அடைத்த ஏர்பிரஷில் நீடிலை முதலில் வெளியே எடுங்கள், பிறகு நாசிலைக் கழற்றுங்கள். கழற்றிய உலோகப் பாகங்களை மட்டும் லாக்கர் தின்னரில் ஊறவிட்டு, நுண்ணிய நைலான் பிரஷால் தேய்த்தால் அந்த ரப்பர் வந்துவிடும். ரப்பர் வளையங்கள் தின்னரில் விழக் கூடாது. நாசிலுக்குள் ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், துளை விரிந்தால் அப்புறம் எந்தப் பதமும் சரியாக அடிக்காது. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தில் ஊறப்போடச் சிலர் சொல்வார்கள். துடைக்கலாம், ஊறப்போட வேண்டாம், முலாம் போகும். சொரசொரத்த இறக்கையை ஒருநாள் நன்றாகக் காயவிட்டு, 2000 நம்பர் தாளில் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகும். பேனல் கோடுகளுக்குள்ளும் பொடி உட்கார்ந்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுங்கள். டமியா கரைந்து வரும், பாலிஸ்டைரீனுக்கு ஒன்றும் ஆகாது. அசிட்டோனை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும். வலேஜோ பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. திரிந்தது கப்பில் இருந்ததுதான், பாட்டிலில் இருப்பது நல்ல பெயிண்ட். அவர்களுடைய தின்னர் கிடைத்தால் கீழ்ப்பக்கத்துக்கு அதையே அடிக்கலாம். கிடைக்கவில்லை என்றால் எக்ஸ்எஃப்-83 வரும்வரை காத்திருந்துவிட்டு, இதைத் தூரிகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.